வாழைத்தாரும் கப்பலும்: நெல்லைச் சீமை சொல்லும் வணிகப் பாடம்

முன்னாள் மாணவர் சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "நீ பார்க்கிற வேலையைப் பற்றியே எழுது. ஆனால் நம்ம ஊர் மணம் இருக்கணும்" என்றார்கள். நான் பார்க்கிற வேலை, சென்னைக்கு அருகில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு. எந்தச் சாமான் எப்போது வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும், வந்ததை எப்போது யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. இதைத்தான் இன்று 'சப்ளை செயின்' என்கிறார்கள். தமிழில் விநியோகச் சங்கிலி.

இந்தச் சங்கிலியைப் பற்றி நம் கல்லூரியில் ஒரு பாடத்தில் ஓர் அலகாகப் படித்தோம். பதின்மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வரும், எழுதிவிட்டு மறந்துபோனோம். ஆனால் அந்தப் பாடத்தை நம் மாவட்டம் நூற்றைம்பது ஆண்டுகளாக நமக்கு நடத்திக்கொண்டிருக்கிறது என்பது, வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. விளங்க வைத்தவர் எந்தப் பேராசிரியரும் அல்ல. களக்காட்டில் வாழை வைத்திருக்கும் என் அப்பா.

அப்பா கேட்ட கேள்வி

களக்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது எங்கள் ஊர். மலையில் பிறக்கும் பச்சையாறு எங்கள் பக்கம் பாய்ந்து, தருவை அருகே தாமிரபரணியில் சேர்கிறது. குளத்துத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் இருப்பதால் நெல்லும் வாழையும் நன்றாக வரும். வாழையில் ஏத்தன்தான் எங்களுக்குப் பிரதானம். ஏத்தனைச் சாப்பிடுகிறவர்களோ பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறார்கள். பழமாகவும் தின்பார்கள், சிப்ஸாகவும் வறுப்பார்கள். ஓணம் வந்தால் ஏத்தன் இல்லாமல் இலை போட மாட்டார்கள்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அப்போது அப்பாவுக்கு அறுநூறு வாழை வெட்டுக்குத் தயாராக நின்றது. விவசாயப் பொருளுக்குத் தடை இல்லை என்று அரசு சொன்னது உண்மை. ஆனால் வெட்டுவதற்கு ஆள் வரவில்லை. லாரி ஓட்ட டிரைவர் வரவில்லை. அந்தப் பக்கம் கடை திறக்கவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் திறந்திருந்து என்ன பயன்? கிலோ முப்பது ரூபாய்க்குப் பேசி வைத்திருந்த காய், மரத்திலேயே பழுக்கத் தொடங்கியது. முட்டுக் கொடுத்திருந்த கம்புக்கான காசாவது கிடைக்காதா என்கிற நிலைமை.

நானும் அப்போது ஊரில்தான் இருந்தேன். தொழிற்சாலை மூடியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்துகொண்டு அப்பா கேட்டார்: "ஏல, நீ மெட்ராசுல என்ன வேலை பாக்க?"

"சாமான் எப்ப வரணும், எவ்வளவு வரணும்னு திட்டம் போடுற வேலைப்பா."

"அப்ப நம்ம தாரு எப்பப் போவும்னு சொல்லு பாப்போம்."

என்னால் சொல்ல முடியவில்லை. மாதம் லட்சக்கணக்கான உதிரிபாகங்களை ஒன்றுகூடத் தவறாமல் கொண்டுவந்து சேர்க்கிறவன் நான். என் அப்பாவின் அறுநூறு தாருக்கு வழி சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பாதியை உள்ளூரிலேயே கிலோ பத்து ரூபாய்க்கும் எட்டு ரூபாய்க்கும் கொடுத்தோம். மீதி மாட்டுக்கும் உரத்துக்கும் போனது.

ஊரடங்கு நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, அதை வைத்துக் கணக்குப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அதையேதான் நானும் சொன்னேன். அப்பா சிரித்தார். "ஊரடங்கு இல்லாத வருசம் மட்டும் வெல நம்ம கையிலயா இருந்துச்சு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பழைய சரித்திரத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

கரிசல் பருத்தியும் அமெரிக்கச் சண்டையும்

நம் மாவட்டத்தை உலகச் சந்தையோடு கட்டிப்போட்ட முதல் பெரிய சரக்குகளில் ஒன்று பருத்தி. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி மாட்டுவண்டியில் தூத்துக்குடிக்கு வரும். அங்கே கடல் ஆழம் குறைவு. ஆகவே கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் போடும். தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து இங்கிலாந்து, லங்காஷயர் ஆலைகள்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்குப் படை அடைத்தது. லங்காஷயருக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. உடனே இந்தியப் பருத்திக்குக் கிராக்கி. அதுவரை கேள்விப்படாத விலை. 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரிசல் விவசாயிக்கு லிங்கன் யார் என்று தெரியாது. போர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போன வாரம் வியாபாரி சொன்ன விலை மட்டும். பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்ததே 1870-ல்தான். அதற்கு முன் லண்டன் செய்தி கடிதமாக வந்து, பெரிய வியாபாரி காதில் விழுந்து, தரகர் வழியாக இறங்கி, கடைசியில் விதைக்கிறவனிடம் வரும்போது செய்தி பழையதாகியிருக்கும். அவன் விதைத்தது நேற்றைய தேவைக்கு. விற்கப் போவதோ நாளைய சந்தையில்.

நிர்வாக இயலில் இதற்கு 'புல்விப்' என்று பெயர். நாம் சாட்டை விளைவு என்று சொல்லலாம். வண்டிக்காரன் சாட்டையின் கைப்பிடியை லேசாகத்தான் அசைக்கிறான். நுனி எவ்வளவு வீசுகிறது பாருங்கள்! 1961-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னால் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார் குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். குழந்தைகள் தினமும் ஒரே அளவில்தான் உபயோகிக்கின்றன. கடைக்காரர் கொஞ்சம் கூட்டி ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரி அதற்கு மேல் கூட்டுகிறார். கம்பெனிக்கு வரும்போது ஆர்டர் மலையும் மடுவுமாக இருக்கிறது. கம்பெனி தனக்கு மூலப்பொருள் தருகிறவருக்குப் போடும் ஆர்டரோ அதைவிட மோசம்.

சாட்டையின் நுனியில் இருப்பவன் யார்? கடைசிக் கண்ணிக்காரன். 1865-ல் கரிசல் விவசாயி. இன்று களக்காட்டு வாழைக்காரன்.

பாபநாசத்தில் சுருங்கிய சங்கிலி

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. வண்டி மாடு நாள்கணக்கில் இழுத்த பாரம் மணிக்கணக்கில் போகத் தொடங்கியது. அடுத்து வந்தவர்கள் ஹார்வி சகோதரர்கள். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற இரண்டு பேர். அவர்கள் பருத்தியை வாங்கிக் கப்பலேற்றுவதோடு நிற்கவில்லை. பருத்தி விளைகிற சீமையிலேயே நூற்றால் என்ன என்று யோசித்தார்கள். நூற்பாலைக்கு விசை வேண்டும். நிலக்கரி கொண்டுவந்தால் கட்டுபடியாகாது. பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து விழுகிறது. அந்த நீர் விசையைக் கொண்டே 1885-ல் விக்கிரமசிங்கபுரத்தில் திருநெல்வேலி மில்லைத் தொடங்கினார்கள். பின்னர் தூத்துக்குடியில் கோரல் மில், 1892-ல் மதுரையில் மதுரா மில்.

இன்றைய கண்ணில் பார்த்தால் இது சங்கிலியைக் குட்டையாக்கும் வேலை. பருத்தி கடல் கடந்து போய், நூலாகவும் துணியாகவும் திரும்பி வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது! எத்தனை மாதப் பணம் வழியிலேயே முடங்கிக் கிடக்கிறது! கண்ணிகளைக் குறைத்தால் செலவு குறையும். செய்தியும் சீக்கிரம் வரும். அம்பாசமுத்திரம் பக்கத்து நண்பர்கள் பலருடைய வீட்டில் தாத்தாவோ அப்பாவோ அந்த மில்லில் வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது சரித்திரம் ஆகாது. செலவைக் குறைக்கிறேன் என்று இறங்கினால் அந்தச் சுமை யார் தலையிலாவது ஏறும். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் நீண்ட நேர வேலைக்குக் குறைந்த கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்பது நாள் நின்றார்கள். கூலியும் கூடியது, வேலை நேரமும் குறைந்தது. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்தான் இந்தக் கட்டுரையின் அடுத்த நாயகர்.

வ.உ.சி.யின் கணக்கு

வ.உ.சிதம்பரனாரை நாம் தியாகியாகப் படித்திருக்கிறோம். செக்கிழுத்ததை நினைத்துக் கண்கலங்கியிருக்கிறோம். அவர் தொழில் நடத்திய விதத்தை ஒரு என்ஜினீயர் கண்ணோடு யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்த காலம். தேவைக்குக் குறைவில்லை. ஆனால் கப்பல் முழுக்க பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பங்கு 25 ரூபாய் என்று வைத்ததே ஒரு யுக்தி என்று நினைக்கிறேன். பெரிய ஜமீன்தார் நாலு பேர் மட்டும் பங்கு வாங்கினால் பணம் வரும். சின்ன வியாபாரி ஆயிரம் பேர் வாங்கினால் பணத்தோடு சரக்கும் வரும். தன் பங்கு இருக்கிற கப்பலை விட்டுவிட்டு வேறு கப்பலில் மூட்டையை ஏற்ற மனசு வருமா?

முதலில் அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயில் ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். எதிராளி அந்தக் கம்பெனியை நெருக்கியதும் வாடகைக் கப்பல் நின்றது. ஒரே ஒரு சப்ளையரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? ஆனால் அவர் சேவையை நிறுத்தவில்லை. இலங்கையில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டிக்கொண்டே, சொந்தக் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். 1907-ல் பிரான்சிலிருந்து காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏறும்.

பிறகு நடந்ததை ஊரறியும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. வ.உ.சி. எட்டணாவாக்கினார். அவர்கள் இலவசம் என்றார்கள். ஏறினால் குடையும் தருவோம் என்றார்கள். பல துறைமுகங்களில் கப்பல் ஓட்டும் கம்பெனிக்கு இந்த ஒரு தடத்தில் வரும் நஷ்டம் கொசுக்கடி. இவருக்கோ இந்த ஒரே தடம்தான் உயிர். கப்பல் காலியாகப் போனாலும் நிலக்கரி எரிந்துதான் ஆக வேண்டும். சம்பளம் கொடுத்துதான் ஆக வேண்டும்.

அதற்கு நடுவில் 1908 மார்ச் 12-ஆம் தேதி கைது. மறுநாள் நெல்லையில் கலவரம். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. நடத்திச் செல்ல ஆளில்லாத கம்பெனி 1911-ல் கலைந்தது. காலியா கப்பல் எதிராளிக்கே விற்கப்பட்டது.

வ.உ.சி. தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். தேவை எங்கே இருக்கிறது என்பதில் அவர் கணக்குத் தவறவில்லை. சப்ளைக்கு மாற்று வழி தேடினார், அதிலும் தவறவில்லை. நஷ்டத்தைத் தாங்கும் பலமும், அரசாங்கத்தின் பலமும் எதிர்ப்பக்கம் இருந்தன. சங்கிலியில் எல்லாக் கண்ணியும் சமபலம் உள்ளவை அல்ல என்பது பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டாத விஷயம்.

திருக்குறுங்குடிக்காரரின் கரிவாயு

களக்காட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் திருக்குறுங்குடி. நம்பி கோயில் உள்ள ஊர். அங்கே 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்துக்கு உரியவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு, அவற்றை உதறிவிட்டு, 1912-ல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார்.

பேருந்து என்பது நேரத்தை விற்கிற வியாபாரம். எட்டு மணி வண்டி எட்டு மணிக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஜனம் வண்டிக்கு நிற்கும். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு லாடமும் குதிரை லாடமும் உதிர்த்த ஆணிகள் கிடக்கும். டயர் பஞ்சரானால் நேரம் போச்சு. ஆகவே காந்தம் கட்டிய வண்டியை ஓட விட்டு ரோட்டிலிருந்த ஆணியைப் பொறுக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். கோளாறு வந்தபின் சரிசெய்வது ஒரு வகை. கோளாறு எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய்ப் பொறுக்குவது இன்னொரு வகை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. பஸ்ஸுக்குக் கூட்டம் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஊற்றுவதற்குத்தான் எதுவும் இல்லை. பெட்ரோல் வருகிறவரை காத்திருப்போம் என்று அவர் உட்காரவில்லை. கரிவாயுக் கலத்தைத் தயாரித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்றே அதற்குப் பெயர். இயந்திரவியல் மாணவர்களுக்கு அதன் தத்துவம் தெரிந்திருக்கும். மரக்கரியைப் போதுமான காற்று இல்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசி போக வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். இழுவை குறையும், கிளப்பவும் நேரமாகும். ஆனாலும் வண்டி ஓடியது. கரிக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டிலேயே கிடைக்கும்.

1942-ல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனபின் உலகத்துக்கே ரப்பர் தட்டுப்பாடு. தேய்ந்த டயருக்கு மேல் புதிதாக ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். வ.உ.சி.க்கு வாடகைக் கப்பல் நின்றபோது வந்த அதே சிக்கல்தான் இது. எங்கோ தூரத்தில் சப்ளை அறுந்தால், கைக்கெட்டும் தூரத்தில் மாற்று என்ன என்பது கேள்வி.

1955-ல் அவர் காலமானார். 1970-களில் அவருடைய பேருந்துகள் அரசு வசம் போயின. ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து கிளைத்த தொழிற்சாலைகள் உலகத் தரம் தொட்டன. சுந்தரம் ஃபாசனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்து, 1996-ல் அவர்களுடைய சிறந்த சப்ளையர் விருதைப் பெற்றது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது.

நான் செய்த தவறு

இவ்வளவு படித்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

2018-ல் விற்பனை நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் இன்னும் கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் என் பங்குக்கு ஒரு ரப்பர் பாகத்தின் மாதத் திட்டத்தைத் தாராளமாகவே கூட்டிப் போட்டேன். பற்றாக்குறை வந்தால் என்னைத்தானே கேட்பார்கள்! அதைச் செய்து கொடுத்தவர் சிறிய பட்டறைக்காரர், நம்ம நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி. என் கணக்கை நம்பி, கடன் வாங்கி இன்னொரு மெஷின் போட்டார். 2019-ல் நாடு முழுக்க வாகன விற்பனை விழுந்தது. ஒரு மின்னஞ்சலில் ஆர்டரைப் பாதியாகக் குறைத்தேன்.

அவர் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, ஆர்டரைக் குறைச்சது தப்பில்ல. யாவாரம்னா அப்படித்தான். ஆனா குறையப் போவுதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். இரண்டு மாதம் முன்பே தெரியும் என்றேன். "அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. மெஷினுக்கு அட்வான்ஸ் மட்டும்தான் அப்ப கொடுத்திருந்தேன்" என்றார்.

அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது. அடுத்த வருஷம் வரப்பில் உட்கார்ந்து அப்பா கேட்டபோதுதான் இரண்டும் ஒரே கேள்வி என்று புரிந்தது. எனக்குத் தெரிந்ததை நான் கீழே சொல்லவில்லை. ஏத்தன் சந்தையில் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததை அப்பாவிடமும் யாரும் சொல்வதில்லை. அண்ணாச்சிக்கு நான் சாட்டை. அப்பாவுக்கு வேறு யாரோ சாட்டை. முதுகு மட்டும் எப்போதும் கடைசிக் கண்ணிக்காரனுடையது.

ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் டாயிச்சி ஓனோ, தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவு என்ற முறையைக் கொண்டுவந்தார். அதைப் படித்தவர்கள் பலர், கையிருப்பே வைக்காதே என்று மட்டும் புரிந்துகொண்டார்கள். அதன் உயிர்நாடி செய்தி. கடைசி இடத்தில் ஒன்று செலவானால், அந்தச் சேதி உடனே பின்னால் இருப்பவனுக்குப் போக வேண்டும். 2011 பூகம்பத்துக்குப் பிறகு அதே டொயோட்டா, எளிதில் கிடைக்காத சிப்புகளை மட்டும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சொன்னது. 2021-ல் உலகமே சிப்புக்குத் தவித்தபோது முதலில் சில மாதங்கள் அது மற்றவர்களைவிடத் தாக்குப்பிடித்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கு முதலில் அளவு தெரிய வேண்டும்.

களக்காட்டுக்கு ஒரு கணக்கு

இனி, இந்த மலரைப் படிக்கும் நண்பர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் என் வேண்டுகோள்.

ஏத்தன் நட்டுப் பத்துப் பதினோரு மாதத்தில் வெட்டுக்கு வரும். ஓணம் என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் முன்பே இருக்கிறது. 2021-ல் திருவோணம் ஆகஸ்ட் 21. 2022-ல் செப்டம்பர் 8. பதினெட்டு நாள் வித்தியாசம்! பதினெட்டு நாளில் காய் முற்றிவிடும், விலையும் மாறிவிடும். அப்படியானால் தேவை எப்போது உச்சத்துக்குப் போகும் என்பது ரகசியமே அல்ல. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வயல்காரர் எந்த வாரம், எத்தனை கன்று, எந்த ரகம் வைத்தார்? எல்லோரும் ஓணத்தைக் குறிவைத்து ஒரே சமயத்தில் நட்டால், எல்லோர் தாரும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வருகிறது. விலை விழாமல் என்ன செய்யும்?

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். குளிர்பதனக் கிடங்குகூட இரண்டாவது பட்சம்தான். ஊருக்கு ஒரு நடவுக் கணக்கு வேண்டும். இந்த வாரம் இத்தனை ஏத்தன், இத்தனை செவ்வாழை, இத்தனை கதலி நட்டிருக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பார்க்கும்படி ஒரு பலகை. கைபேசியில் போட்டால் இன்னும் நல்லது. அதைப் பார்க்கிறவர் இரண்டு வாரம் தள்ளி நடுவார். அல்லது ரகத்தை மாற்றுவார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. தெரிந்தாலே பாதி சரியாகும். காற்றடித்து வாழை சாய்வதை நாம் தடுக்க முடியாது. தெரியாமையால் சாய்வதைத் தடுக்கலாமே.

இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்ய ஊர் ஊராகத் தலைப்புத் தேடுகிறார்கள். இதோ ஒன்று, கல்லூரியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில். களக்காடு, மாவடி, திருக்குறுங்குடி, ஏர்வாடி நான்கு ஊர்களில் ஒரு பருவம் மட்டும் கணக்கெடுத்துப் பாருங்கள். கேரளத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் அங்குள்ள சந்தை நிலவரத்தை வாரம் ஒருமுறை சொல்லட்டும். கணக்கைச் சரிபார்க்க நான் வருகிறேன். தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக அப்பா இருக்கிறார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மொதல்ல யாருல தன் கணக்கச் சொல்லுவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, என் பேரை மொதல்ல எழுது. ஐப்பசில நட்டது நானூறு ஏத்தன்" என்றார்.

எழுதிக்கொண்டேன். இரண்டாவது பெயருக்காகக் காத்திருக்கிறேன்.

(கட்டுரையாளர் 2010-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர்.)